சபை சொல்லும் பதில்

ஜூன் 29, ஞாயிறு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவரை ஷிஃப்ட் முடியும்போது டைரி எழுதிவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். எந்த லைன் பழுது, எந்த ஊர் கிடைக்கவில்லை, அடுத்து வருகிறவள் எதைக் கவனிக்க வேண்டும் என்று. இப்போது அடுத்து வருகிறவள் என்று யாருமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பேச ஆளில்லாத வீட்டில் கைக்காவது ஒரு வேலை வேண்டும்.

பழுது: என் வீட்டுக்காரர் ஞானாபரணம். மே மாதம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் கொஞ்சம் திரும்பிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. "அப்புறம்." காபி வேண்டுமா என்றாலும் அப்புறம், மின்விசிறி போடவா என்றாலும் அப்புறம். முதல் நாள் நான் நிஜமாகவே காபியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கண்ணில் தண்ணீர். அவர் கேட்கும் எதற்கும், மறுக்கும் எதற்கும் அந்தச் சொல்தான் வருகிறது.

எங்கள் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து மைக்கில் அறிவித்த குரல் அது. "கும்பகோணம் இருக்கு, சீர்காழி இருக்கு, சிதம்பரம் இல்லை" என்று ராத்திரி கடைசியாகச் சொல்வார். சிதம்பரத்துக்கு நிற்பவர்கள்கூடக் கோபப்பட மாட்டார்கள். அவர் பஸ் நிலையத்திலிருந்து வெளியூருக்கு டிரங்க் கால் கேட்கும்போது அந்தக் குரலை நான் முதலில் கேட்டேன், முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். குரலைக் கேட்டுக் கட்டிக்கொண்டவள் நான். இப்போது முகம் மட்டும் வீட்டில் இருக்கிறது.

இன்று பொறையாற்றிலிருந்து ஜோயல் அண்ணன் வந்தார், இவருடைய பெரியப்பா மகன். ஒரு மணி நேரம் தன் கண் ஆபரேஷனைப் பற்றியே பேசினார். கிளம்பும்போது, "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுப் போறேம்மா, நீ ஒன்னும் நெனச்சுக்காதே" என்றார்.

நினைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் சாமி படமும் கிடையாது, சிலுவையும் கிடையாது. கல்யாணத்தின்போது பேசிக்கொண்டது அப்படி. அவர் கோயிலை அவர் விட்டார், என் கோயிலை நான் விட்டேன். சண்டைக்கு வழியே இல்லை.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அண்ணன் ஏதோ சொந்தமாக வேண்டிவிட்டு, கடைசியில் எல்லாக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து சொல்வார்களே, அந்தக் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. தோசைத்திருப்பியோடு ஓடிவந்தேன். இவர்தான். ஆமென் வரை ஒரு சொல் தப்பவில்லை, நாக்கு குழறவில்லை.

"என்னங்க, என்னங்க, பேசுங்க!" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

என்னைப் பார்த்தார். "அப்புறம்" என்றார்.

தோசை தீய்ந்துபோயிற்று.

ஜூலை 2, புதன்

பேச்சுப் பயிற்சி டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "யோசிச்சுப் பேசுறது ஒரு இடம்மா. சின்ன வயசுலேர்ந்து வாயில ஊறிப்போன ஜெபம், பாட்டு, வாய்ப்பாடு எல்லாம் வேற இடம். அந்த இடம் அடிபடல."

"அங்கேர்ந்து இங்க வர வழி இருக்கா?"

"சொல்ல முடியாது. வாய் பழகட்டும், பாப்போம்."

ஜெபத்தை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். நான் தொடங்கினால் கூடவே சொல்கிறார். ஆனால் அது இரண்டு பேர் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது. எனக்கு வேண்டியது அதுவல்ல. நான் ஒன்று சொல்ல வேண்டும், அவர் அதற்கு ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும். பெரிய ஆசையாக இப்போது வேறொன்றும் இல்லை.

ஜூலை 9, புதன்

ஜோயல் அண்ணனுக்குப் போன் செய்தேன். "நம்ம ஆராதனையே அப்படித்தாம்மா. ஐயர் ஒன்னு சொல்வார், சபை ஒன்னு பதில் சொல்லும். பாதிக்கு மேல ராகத்துலதான்" என்றார்.

"ஐயரா?"

"லுத்தரன் சபையில போதகரை ஐயர்னுதாம்மா கூப்பிடுவோம்."

முப்பத்தொரு வருஷம் ஒரு லுத்தரனோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். இது தெரியாது.

செல்போனில் ஏதோ ஆராதனை ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பதில் சொன்னார், செல்போனைப் பார்த்து. ராகம் வேறு சபையுடையது போலிருக்கிறது, மூன்றாவது இடத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டார். செல்போனுக்குப் பதில் சொல்கிற மனிதர் எனக்குச் சொல்லமாட்டாரா? ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்டுவிட்டு வருவதென்று முடிவு. காதால் கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதானே எனக்குச் சோறு போட்ட வேலை.

ஜூலை 13, ஞாயிறு

எதிர்வீட்டுப் பெண்ணை இவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டுப் போனேன்.

வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்ததும் பாதிப் பயம் போயிற்று. இவர்களும் வெளியில்தான் விடுகிறார்கள். உள்ளே ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். தெரியாமல் வலப்பக்க பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பெரியவர் இருமிக் காட்டிய பிறகு மாறினேன். மாறிய இடமும் தப்பு. "இது நான் ஒக்கார்ற எடங்க" என்று ஓர் அம்மாள் வந்து நின்றாள். எழுந்தேன். "பரவால்ல, தள்ளி ஒக்காருங்க" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பெயர் லீதியாள். என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவள். சபைக் கமிட்டியில் இருக்கிறாளாம், அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. என் பொட்டையும் பூவையும் ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை மட்டும் தலைமேல் இழுத்துவிடச் சாடை காட்டினாள்.

எல்லாரும் ஜிப் வைத்த உறையில் பாட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார்கள். என்ன பாட்டு என்று யாரும் அறிவிப்பதில்லை, சுவரில் ஒரு பலகையில் எண்கள் மட்டும் தொங்குகின்றன. வெள்ளை அங்கி, பச்சைப் பட்டை, ஐயர் சின்ன வயதுக்காரர். அவர் திரும்பி நின்றால் சாமியிடம் பேசுகிறார், நம்மைப் பார்த்தால் நம்மிடம் பேசுகிறார். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. எப்போது நிற்பது, எப்போது உட்காருவது என்று யாரும் சொல்வதில்லை. நான் எழுந்திருக்கும்போது எல்லாரும் உட்கார்ந்தார்கள். சுவிசேஷம் வாசிக்க எல்லாரும் எழுந்தபோது நான் மட்டும் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் பதில்கள்! ஐயர் நீட்டி, "கர்த்தர் உங்களோடு இருப்பாராக" என்கிறார். அத்தனை பேரும் ஒரே மூச்சில் அதே ராகத்தில், "உமது ஆவியோடும் இருப்பாராக." பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள். கொட்டாவி விட்டுக்கொண்டே இன்னொருவர் சொல்கிறார். லீதியாள் என் கையில் கொடுத்த ஆராதனை முறைமைப் புத்தகத்தில் "ஐயர்", "சபை" என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறது. நான் ஐயர் பக்கத்தை மட்டும் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். லீதியாள் திரும்பி, "நாம சொல்றது கீழ இருக்குங்க" என்று விரல் வைத்துக் காட்டினாள். எனக்கு மேலே இருப்பதுதான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

அறிவிப்புகளில் ஒரு கல்யாணச் செய்தி வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இது முதலாம் அறிக்கை, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று. பின்பெஞ்சில் ஒரு பெண் குனிந்துகொண்டு சிரித்தாள், அவளாகத்தான் இருக்கும். எங்களுடையது சார்பதிவாளர் ஆபீஸ் பலகையில் ஒரு மாதம் ஒட்டியிருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை.

பிறகு புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். நான் ஒருத்திதான்.

"பேரு மங்கையர்க்கரசி. ரிட்டயர்டு."

"எந்த சபையிலேர்ந்து வர்றீங்கம்மா?"

"சபையெல்லாம் இல்லீங்க. சும்மா கேக்க வந்தேன்."

கைதட்டினார்கள். முடிந்து வெளியே வரும்போது ஐயர் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்தார். என் கையையும் இரண்டு கையாலும் பிடித்து, அடுத்த வாரமும் வாங்க என்றார். மருந்து கொடுக்கவும் துடைக்கவும் தூக்கவும் அல்லாமல் என் கையை ஒருவர் பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று காலை, தலை வாரிவிட்டபின், அவர் எதிரில் நின்றுகொண்டு ஐயர் மாதிரியே நீட்டிச் சொன்னேன். கர்த்தர் உங்களோடு இருப்பாராக.

"உமது ஆவியோடும் இருப்பாராக."

சுருதிகூடத் தப்பவில்லை. பஸ் நிலைய மைக்கின் அதே குரல். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்து அடுத்ததைச் சொன்னேன். அதற்கும் பதில் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

இரண்டு ஞாயிறு ஆயிற்று. தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் வீட்டில் ஆராதனை. பொட்டு வைத்த ஐயர், லுங்கி கட்டிய சபை. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பார்க்கத்தான் யாரும் வருவதில்லையே.

ஒரு குறை சொல்ல வேண்டும். பதில் சொல்லும்போது அவர் என்னைப் பார்ப்பதில்லை. என் தலைக்கு மேலே சுவரைப் பார்க்கிறார். நான் இல்லாவிட்டாலும் அந்த இடத்துக்கு அந்தப் பதில்தான் வரும்.

இன்று வம்புக்கு, அதே ராகத்தில், "சட்னி காரமாக இருக்கிறதா" என்று இழுத்துப் பாடினேன். "கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சட்னி காரம்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று பெரிய தப்பு செய்துவிட்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நாள். போன மாதம் முதல் ஞாயிறு நான் போகவில்லை, அதனால் தெரியாது. ஐயர் பாடுகிற ராகம் இன்று புதிதாக இருந்தது. அதைப் பிடிப்பதிலேயே கவனமாக இருந்ததால் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொன்னது காதில் ஏறவில்லை. வரிசை வரிசையாக எழுந்துபோனார்கள். எங்கள் வரிசையும் எழுந்தது, நானும் போனேன். கிராதியருகே மண்டியிட்டார்கள், நானும் இட்டேன். வலதுகைக்குக் கீழே இடதுகையை வைத்து நீட்டினேன். வெள்ளையாக, மெல்லிசாக, வட்டமாக ஒரு அப்பம் வைத்தார். பிரசாதம். பக்கத்தில் எல்லாரும் வாயில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் ஒருவர் இருக்கிறாரே. முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்துக் கிண்ணம் வருமுன் எழுந்துவிட்டேன்.

லீதியாள் பார்த்துவிட்டாள். ஆராதனை முடிந்ததும் என் முழங்கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். ஐயர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயரே, இவங்க அப்பத்தை முடிஞ்சு வச்சிருக்காங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அதை வெளில கொண்டுபோகக் கூடாதும்மா."

"ஏங்க? எங்க கோயில்ல வர முடியாதவங்களுக்கும் சேத்துத்தான் குடுப்பாங்க. கொண்டுபோகாம வந்தாத்தான் தப்பு."

ஐயர் கையை நீட்டினார். முடிச்சை அவிழ்த்தேன். இரண்டாக உடைந்திருந்தது. ஐயர் இரண்டையும் தன் கையில் வாங்கி, கண்ணை மூடித் தானே உண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"யாருக்கும்மா?" என்று கேட்டார்.

சொன்னேன். பக்கவாதம், அப்புறம் என்கிற ஒரே சொல், விளக்கு வைக்கிற நேரத்து ஆராதனை, எல்லாம். சொல்ல ஆரம்பித்தால் நிற்கவில்லை. மூன்று மாதப் பேச்சு.

"பேரு?"

"ஞானாபரணம். டைம் கீப்பரா இருந்தாரு."

லீதியாள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்டு ஆபரணம்ண்ணனா?" என்றாள். "அந்தப் பொண்ணு நீதானா?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லீதியாள் வீட்டுக்கு வந்தாள். இவரும் அவளும் சிறுவயதில் ஒன்றாக ஐயரிடம் ஞானோபதேசம் படித்தவர்களாம். இவரைப் பார்த்ததும், "ஆபரணம்ண்ணே, என்னத் தெரியுதா?" என்றாள். அப்புறம் என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அடுப்படிக்கு வந்து, நான் காபி கலக்கக் கலக்க, தணிந்த குரலில் சொன்னாள்.

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாதது இதுதான். சபைக்கு வெளியில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு: ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, நான் செய்தது பாவம், வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நிறையப் பேர் சொன்னார்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு நிம்மதியாகச் சபையில் இருந்தார்கள். வெறும் ஒரு வாக்கியம். பழைய ஐயர் இவரை நாலைந்து முறை கூப்பிட்டு அனுப்பினாராம். இவருடைய அம்மா பியூலா டீச்சர் வந்து காலில் விழாத குறையாகக் கேட்டாராம்.

"ஒரு ஞாயித்துக்கெழமை வந்தாரு. எந்திரிச்சு நின்னாரு. 'நான் வருத்தப்படல' அப்பிடின்னு மட்டும் சொல்லிட்டு வெளில போயிட்டாரு. அதுக்கப்புறம் கோயிலுக்குள்ள வரவே இல்ல."

காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

என்னிடம் இவர் சொன்னது வேறு. "எனக்கு அதுலெல்லாம் பெருசா நம்பிக்கை இல்ல அரசி, நீயும் விட்டுடு, நானும் விட்டுடறேன்." சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் விட்டேனா? அம்மா இருந்தவரை பிரதோஷத்துக்கு அம்மாவோடு போனேன். அவள் போன பிறகும் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். என்னை யாரும் எழுந்து நில் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

தலைவலி. ஆராதனை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவராகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஐயர் சொன்னார், நோயாளிகளுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கலாம், கமிட்டியில் பேசுகிறேன் என்று. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அன்றைக்கு அப்பம் முடிந்திருந்த அதே புடவை. நல்ல கையால் முந்தானை நுனியைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தார். வேண்டுமா என்று கேட்டேன். அப்புறம் என்றார், அழுதார். இந்த அழுகைக்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கமிட்டி கூடியதாம். பெரியவர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய விஷயம் அப்படியே நிற்கிறதே, அதை முடிக்காமல் எப்படிக் கொடுப்பது என்று. கடைசியில் தீர்மானம்: அந்தக் கல்யாணத்தைக் குறித்து ஒரே ஒரு கேள்வி, வீட்டிலேயே, ஐயர் கேட்க வேண்டும். லீதியாள் கூட இருக்க வேண்டும். இவள்தான் இதைக் கோயில் வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள். ஒழுங்கு ஒழுங்குதானே அரசி, நான் என்ன பண்றது என்றாள். புதன்கிழமை வருகிறார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாளைக்கு நடக்கப்போவது எனக்கு நன்றாகத் தெரியும். முறைமைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். உங்கள் பாவங்களுக்காக வருந்துகிறீர்களா என்று ஐயர் கேட்பார். சபை, "ஆம், வருந்துகிறேன்" என்று சொல்லும். அந்த இடத்தை நான் வீட்டு ஆராதனையில் இந்த இரண்டு வாரமாக விட்டுவிட்டுத் தாண்டுகிறேன். அதற்கு முன்பு பழகியபோது ஒருநாளும் அவர் தப்பியதில்லை. கேட்டவுடன் ஆம் வரும், யோசிக்கிற இடத்திலிருந்து வருவதில்லை, ஊறிப்போன இடத்திலிருந்து வருகிறது.

அதற்குப் பின்னாலேயே எங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள், அதே குரலில். அதற்கும் ஆம் வந்துவிடும். எந்த "ஆம்" என்ற சொல்லை இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தாரோ, அதைத் தெரியாமலே சொல்லிவிடுவார். நான் தண்ணீர்த் தம்ளரோடு நின்று அதைக் கேட்க வேண்டும்.

வராதீர்கள் என்று போன் செய்துவிடலாம். நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். முந்தானையைத் தடவிய கை கண்ணிலேயே நிற்கிறது. அவருக்கு வேண்டியது கிடைக்கட்டும். நான் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுப் போகிறேன். பயமாக இருக்கிறது. கல்யாணத்தன்று சார்பதிவாளர் ஆபீசில்கூட இவ்வளவு பயமில்லை.

அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வந்தார்கள். ஐயர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி கொண்டுவந்தார். டீப்பாயில் என் வெள்ளைத் துண்டை விரித்து, விரல் உயரத்தில் ஒரு கிண்ணம், காசளவு ஒரு தட்டு, இரண்டு மெழுகுவர்த்தி வைத்தார். பொம்மைச் சாமான் மாதிரி இருந்தது. லீதியாள் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் அவர் வலப்பக்கம், அடுப்படி வாசலில் தண்ணீர்த் தம்ளரோடு நின்றேன். அது அவர் திரும்பச் சிரமப்படுகிற பக்கம். வேண்டுமென்றேதான் அங்கே நின்றேன், என் முகத்தை அவர் பார்க்க வேண்டாமென்று.

ஐயர் தொடங்கினார். இவர் பதில் சொன்னார். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இவர் கண் சுவரில் இருந்தது.

"உங்கள் பாவங்களுக்காக வருந்துகிறீர்களா?"

"ஆம், வருந்துகிறேன்."

ஐயர் நிறுத்தினார். லீதியாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் புத்தகத்தில் விரல் வைத்து மூடிக்கொண்டு, அதே குரலில், சற்றுத் தடுமாறி, "சபையின் ஒழுங்கை மீறிச் செய்துகொண்ட திருமணத்துக்காகவும் வருந்துகிறீர்களா?" என்றார்.

நான் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஆம் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. இவர் கண் சுவரிலிருந்து இறங்கியது. ஐயரைப் பார்த்தார், லீதியாளைப் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை வலப்பக்கம் திருப்பினார், மெல்ல மெல்ல, முக்கால்வாசி வரை. என்னைக் கண்டுபிடித்தார்.

"இல்லை" என்றார்.

ராகம் கிடையாது. சிதம்பரம் இல்லை என்று ராத்திரி சொல்வாரே, அந்த இல்லை.

ஐயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இப்ப…" என்று லீதியாளைப் பார்த்தார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "கேக்கணும்னுதான தீர்மானம்? கேட்டாச்சு. பதிலும் சொல்லிட்டாரு. என்ன பதில் வரணும்னு தீர்மானத்துல ஒன்னும் எழுதல ஐயரே. நான்தான் எழுதுனேன், எனக்குத் தெரியாதா?"

"கமிட்டியில…"

"கமிட்டிய நான் பாத்துக்கறேன். நீங்க குடுங்க."

ஐயர் விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். கொடுத்தார். இவர் நல்ல கையில் வாங்கி உண்டார். கிண்ணத்தையும் ஐயர் வாயருகே வைத்துப் பிடித்தார். ஒரு துளி தாடையில் வழிந்தது. நான் போய்த் துடைக்கவில்லை.

போகும்போது லீதியாள் என் கையைப் பிடித்து, "முன்னாடியும் இப்பிடித்தான் சொன்னாரு" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தேன். லீதியாள் பக்கத்தில் எனக்கு இடம் வைத்திருந்தாள். புதியவர்கள் எழுந்து நிற்கச் சொன்னபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து நின்று முழித்தாள். அவளுக்குப் பக்கத்தைத் திருப்பி விரல் வைத்துக் காட்டினேன்.

புதன்கிழமையிலிருந்து இல்லை என்ற அந்தச் சொல்லை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டுமென்று எனக்கு வெறி. டாக்டரம்மாவும் விடாமல் கேளுங்கள் என்கிறாள். இன்று சாயந்திரம் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"ராத்திரிக்குப் பாகற்காய் வைக்கவா?"

பாகற்காய் என்றால் அவருக்கு ஆகாது. "அப்புறம்" என்றார்.

"மீசைய எடுத்துடவா?"

"அப்புறம்."

"சரி, இன்னொருத்தியக் கட்டிக்கிறீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அப்புறம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார், ஒரு பக்கத்து வாயால். அந்த ஒரு இல்லை எனக்குப் போதும், என் காலம்வரை போதும். நான் சிரித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் காபி ஆறிப்போயிருந்தது. எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தேன்.